பழைய கணனியைத் தூக்கி எறியாதீர்கள்!

எமது குடும்பங்கள் வாழும் வீடுகளில் அநேகமாக ஒரு பழைய கணனி இருக்கும். அலுமாரிக்கு மேலே இருக்கும், அல்லது நிலக்கீழ் அறையில் சைக்கிளுக்குப் பக்கத்தில் தூசு படிந்து கிடக்கும். வேலைத்தலத்தில் ஒரு டெனிஷ்காரர் தந்ததாக இருக்கலாம். பாவித்த பொருள் விற்கும் கடையில் வாங்கியதாக இருக்கலாம். முன்னமே வந்து குடியேறிய உறவினர் புதியது வாங்கியபோது "பிள்ளையள் படிக்கட்டும்" என்று கொண்டுவந்து வைத்ததாகவும் இருக்கலாம். ஒருநாள் அது துவங்காமல் விடும், அல்லது விண்டோஸ் 10இன் காலம் முடிந்துவிட்டது என்று திரையில் அறிவித்தல் வரும். உடனே புதியது வாங்க வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழும்பும். வந்த புதிதில் சில ஆயிரம் குரோணர் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இந்த நாட்டில் கணனி இல்லாமல் இருக்கவும் முடியாது. 2014 நவம்பர் 1ஆம் திகதி முதல் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அரசாங்கக் கடிதங்கள் டிஜிட்டல் போஸ்ட் மூலமே வருகின்றன. விலக்குக் கேட்டுப் பெற்றவர்கள் மட்டுமே இதில் சேராதவர்கள். 1624இல் தொடங்கிய டென்மார்க்கின் தபால் சேவை 2025 டிசம்பர் 30ஆம் திகதியுடன் கடிதம் விநியோகிப்பதை நிறுத்திக்கொண்டது. வைத்தியசாலைத் திகதி, கொம்யூனின் கடிதம், வரிக் கணக்கு எல்லாமே திரையில்தான். கைத்தொலைபேசியில் பார்க்கலாம்தான். ஆனால் எட்டுப் பக்க விண்ணப்பத்தை உள்ளங்கை அளவு திரையில் நிரப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும்.

ஆகவே பழைய கணனி ஒன்றை ஒரு சிறு யூ.எஸ்.பி குச்சியால் மீண்டும் ஓட வைப்பது எப்படி என்று இங்கே எழுதுகிறோம். எங்களில் எவரும் கணனி படித்தவர்கள் அல்ல. ஓ.எல்.லுடன் பள்ளியை விட்டுவிட்டு வந்து இங்கே விபோர்க்கில் தொழிற்சாலை வேலை செய்பவர்கள். செய்து பார்த்துப் பழகியதைத்தான் சொல்கிறோம்.

கணனி எப்படி விழிக்கிறது?

தொழிற்சாலையில் காலை வேலை தொடங்க முன் முதலில் வந்து கதவைத் திறப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். முதல் இந்தக் கதவு, அது திறக்காவிட்டால் அடுத்த கதவு. கணனிக்குள்ளும் அப்படி ஒருவர் இருக்கிறார். பழைய கணனிகளில் அவருக்குப் பெயர் பயோஸ். 2012இல் விண்டோஸ் 8 வந்ததை ஒட்டி விற்கப்பட்ட கணனிகளில் பெரும்பாலும் யூ.இ.எஃப்.ஐ என்ற புதியவர் இருக்கிறார். பொத்தானை அமர்த்தியதும் முதலில் விழிப்பது இவர்தான். விண்டோஸ் எங்கே இருக்கிறது, அதை எங்கிருந்து ஏற்றுவது என்று தன் பட்டியலைப் பார்த்துத் தேடுவார். இந்த ஏற்றுதலைத்தான் 'பூட்' என்கிறார்கள். தமிழ்க் காதுக்குப் பூட்டு என்று கேட்கும். டெனிஷ்காரர் யூ.எஸ்.பி குச்சியை 'நொய்ல', அதாவது திறப்பு என்றே அழைப்பதால் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

பட்டியலில் முதலிடம் பொதுவாகக் கணனிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு. அதிலுள்ள விண்டோஸ் பழுதானால் கணனியே செத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் இயந்திரம் நன்றாகவே இருக்கும். பட்டியலில் யூ.எஸ்.பி குச்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் குச்சியில் வேறொரு இயக்க முறைமை இருந்தால், கணனி அதைக்கொண்டு எழும்பிவிடும்.

குச்சிக்குள் ஒரு முழு இயக்க முறைமை அடங்கும் என்பதே அதிசயந்தான். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.பி.எம் விற்கத் தொடங்கிய முதல் குச்சியில் 8 மெகாபைட் மட்டுமே கொள்ளும். இன்றைய கைத்தொலைபேசிப் படம் இரண்டு மூன்றுடன் அது நிரம்பிவிடும். இப்போது 8 ஜிகாபைட் குச்சி, அதாவது அதைப்போல் ஆயிரம் மடங்கு, மிக மலிவாகக் கிடைக்கிறது. எமது தேவைக்கு அது போதும்.

குச்சியைத் தயார் செய்தல்

குச்சியில் போடுவதற்கு நாம் தெரிவு செய்தது லினக்ஸ் மின்ற், அதிலும் எக்ஸ்.எஃப்.சி.ஈ என்ற இலகுவான பதிப்பு. இலவசம். 2 ஜிபி ராம் நினைவகம் உள்ள கணனியிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இலவசம் என்றால் எம்மவர் மத்தியில் ஒரு கூச்சம் உண்டு, ஏதோ இல்லாதவர் பாவிப்பது என்று. 2025 ஜூனில் டென்மார்க்கின் டிஜிட்டல் அமைச்சே மைக்ரோசொப்ற் ஒஃபிஸை விட்டு லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறப்போவதாக அறிவித்தது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இலவச மடிக்கணனிகளில் விண்டோசுடன் போஸ் என்ற லினக்சும் போட்டுக் கொடுத்தார்கள். அமைச்சுக்கு ஏற்றது எமக்கும் ஏற்றதுதான்.

இதற்கு ஓடும் நிலையில் உள்ள வேறொரு விண்டோஸ் கணனி வேண்டும். நண்பருடையதைக் கேளுங்கள். நூலகம் போன்ற பொது இடங்களிலுள்ள கணனிகளில் பொதுவாக இப்படியான மென்பொருளை ஓட்ட விடமாட்டார்கள். லினக்ஸ் மின்ற்றின் சொந்தத் தளத்திலிருந்து, ஐ.எஸ்.ஓ என்று முடியும், ஏறத்தாழ 3 ஜிபி அளவான கோப்பை இறக்க வேண்டும். பின்னர் ரூபஸ் என்ற சிறிய இலவச மென்பொருளை, அதையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். சொந்தத் தளம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்ற்றின் தளத்துக்குள்ளேயே கள்ளர் புகுந்து, கோப்புக்கான இணைப்பை மாற்றி, உளவு பார்க்கும் போலிக் கோப்பை மக்கள் இறக்கும்படி செய்துவிட்டார்கள். சொந்தத் தளத்திலேயே இப்படி நடந்ததென்றால் கண்ட கண்ட தளங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? அதனால்தான் ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்க்கும் நீண்ட எண் ஒன்றைத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். ரூபஸில் கோப்பைத் தெரிவு செய்ததும் பக்கத்தில் உள்ள சரி அடையாளத்தை அமர்த்தினால் அந்த எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

ரூபஸ் குச்சியில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் எழுதும். ஆகவே வேறு குச்சி, வெளி டிஸ்க் எதுவும் அந்த நேரத்தில் கணனியில் செருகி இருக்கக்கூடாது. ரூபஸில் மேலே குச்சியையும் அடுத்து ஐ.எஸ்.ஓ கோப்பையும் தெரிவு செய்யுங்கள். அதற்குக் கீழே பாட்டிஷன் முறை என்ற இடத்தில் எம்.பி.ஆர் என்று இருக்க வேண்டும். பழைய கணனிக்கு இதுதான் முக்கியம். ஜி.பி.ரி என்று விட்டால் புதிய கணனியில் ஓடும் குச்சி பழைய பயோசின் கண்ணுக்குப் படாமலே போகலாம். ஸ்ராட்டை அமர்த்தியதும் ஐ.எஸ்.ஓ முறையா டி.டி முறையா என்று ஒரு கேள்வி வரும். முதலில் ஐ.எஸ்.ஓ முறையில் எழுதிப் பாருங்கள். பழைய கணனி அதை ஏற்காவிட்டால் திரும்பவும் டி.டி முறையில் எழுதலாம். கால் மணி நேரம் அளவில் முடிந்துவிடும்.

பழைய கணனி அடம்பிடித்தால்

குச்சியை முதலில் செருகிவிட்டுத்தான் கணனியைப் போட வேண்டும். போட்டவுடன், விண்டோசின் படம் வர முன்னரே, ஒரு விசையை விடாமல் தட்ட வேண்டும். டெல், லெனோவோ, தோஷிபா என்றால் எஃப் 12. எச்.பி என்றால் எஃப் 9. ஆசுஸ் மடிக்கணனி என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப் 12 பலவேளை மூடிவைக்கப்பட்டிருக்கும், எஃப் 2ஐ அமர்த்தி உள்ளே போய் அதைத் திறந்துவிட வேண்டும். சில லெனோவோ மடிக்கணனிகளில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவு துளை ஒன்று இருக்கும், அதுவும் இதற்கான பொத்தான்தான். விசை சரியானால் பட்டியல் ஒன்று வரும், அதில் குச்சியின் பெயரைத் தெரிவு செய்தால் போதும்.

புத்தகத்தில் எழுதியபடி நடந்தால் இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம். பழைய கணனியில் அப்படி நடப்பது குறைவு. விபோர்க்கில் எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மடிக்கணனியில் விண்டோஸ் 7 நீலத் திரையோடு நின்றுவிட்டது. கடையொன்றில் காட்டியபோது, இது இனி உதவாது, எறியுங்கள் என்றார்களாம். அதற்குள் இருந்ததோ பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், கலியாணப் படங்கள், ஊரில் காலமான தாயாரின் கடைசி நாட்களில் எடுத்து அனுப்பப்பட்ட படங்கள். அந்தச் செத்தவீட்டுக்கு இவர்களால் போக முடியவில்லை. படங்கள் வேறெங்கும் இல்லை. புதிய கணனி எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அந்தப் படங்கள் அதில் வரப்போவதில்லை அல்லவா?

நாங்கள் இரண்டுபேர் வேலை முடிந்து போய் இருந்தோம். பட்டியலில் குச்சியின் பெயரே இல்லை. பயோசுக்குள் போய்ப் பார்த்தால் முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசையிலும் அது இல்லை. பழைய பயோஸ்கள் பல, குச்சியையும் ஒரு ஹார்ட் டிஸ்க் என்றே எண்ணிக்கொள்ளும். ஆகவே முதல் வரிசையில் தேடாமல், 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்' என்ற உள்வரிசையைத் திறக்க வேண்டும். அங்கே உள்ளிருக்கும் டிஸ்க்குக்குக் கீழே குச்சி பதுங்கிக் கிடக்கும். அதை மேலே ஏற்றிவிட்டு, எஃப் 10ஐ அமர்த்திச் சேமித்தால் சரி. இந்த ஒரு இடந்தான் பலரையும் திருப்பி அனுப்புகிறது என்று நினைக்கிறோம். கணனி பார்க்கவில்லை என்று விட்டுவிடுவார்கள், அது வேறு பெயரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதே பயோசில் 'யூ.எஸ்.பி லெகசி சப்போர்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் இயங்கும் நிலையில் வையுங்கள்.

இன்னும் தெரியாவிட்டால் செருகும் வாயை மாற்றுங்கள். மேசைக் கணனியில் முன்பக்க வாயை விட்டுப் பின்பக்கம் நேராகச் செருகுங்கள். நீல நிற நாக்குள்ள வாயை விட்டுக் கறுப்பு நாக்குள்ளதைப் பாருங்கள், ஏனெனில் பழைய பயோஸ் சில நீல வாயைத் துவக்க நேரத்தில் கவனிப்பதில்லை. விண்டோஸ் 8 அல்லது 10 இன்னும் ஓடும் கணனியானால் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் அது அரைத் தூக்கந்தான். 'ரீஸ்ராட்' கொடுத்து அந்த நேரத்தில் விசையைத் தட்டுங்கள்.

யூ.எஸ்.பியிலிருந்து துவங்கவே தெரியாத மிகப் பழைய கணனிகளும் உண்டு. அவற்றுக்கு சி.டி. உதவும். சி.டி.யிலிருந்து துவங்கும் முறையை 1995இலேயே வகுத்துவிட்டார்கள். அந்த முறைக்கு எல் டொரிட்டோ என்று ஒரு மெக்சிக்கன் உணவகத்தின் பெயரை வைத்தார்கள், ஆக்கியவர்கள் அங்கே சாப்பிடப் போவார்களாம். பிளொப் பூட் மனேஜர் என்ற இலவச மென்பொருளை ஒரு சி.டி.யில் எழுதி, கணனியை அந்த சி.டி.யால் துவக்கினால், அது தானே குச்சியைக் கண்டுபிடித்து அதிலிருந்து ஏற்றிக் கொடுக்கும். இத்தகைய கணனி 32 பிட் வகையாகவும் இருக்கலாம். அதில் இன்றைய லினக்ஸ் மின்ற் ஓடாது. 2023இல் வந்த அன்டிஎக்ஸ் 23இல் 32 பிட் பதிப்பு உண்டு. ஆனால் அதற்கும் கீழான இயந்திரத்தோடு மினக்கெடுவது வீண் என்பது எமது அபிப்பிராயம்.

முதலில் படங்கள்

மேற்சொன்ன மடிக்கணனி கடைசியில் குச்சியிலிருந்து எழும்பியது. இப்படி எழும்பும்போது கணனிக்குள் எதுவும் பதியப்படுவதில்லை, எதுவும் அழிவதுமில்லை. லினக்ஸ் குச்சியிலும் ராமிலும் மட்டுமே ஓடும். திரையில் பதிவதற்கான படக்குறி ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

கோப்புகளைக் காட்டும் பெட்டியைத் திறந்தால் கணனியின் சொந்த டிஸ்க் இடதுபக்கத்தில் தெரியும். அதற்குள் 'யூசர்ஸ்', அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் படங்கள், ஆவணங்கள், டெஸ்க்ரொப். விண்டோஸ் செத்திருந்தாலும் இவை அங்கேயே இருக்கும். இரண்டாவது குச்சியோ வெளி டிஸ்க்கோ செருகி எல்லாவற்றையும் கொப்பி பண்ணுங்கள். பின்னர் அதை வேறொரு கணனியில் போட்டு, படங்கள் உண்மையாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். அந்தக் குடும்பத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் கிடைத்தன. தாயாரின் படம் திரையில் வந்தபோது வீட்டில் யாரும் கதைக்கவில்லை. நாங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளிக்கிட்டோம்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது இயந்திரப் பழுது, குச்சியால் தீராது, ஓட ஓட மோசமாகும். புதிய வகைக் கணனிகளில் பிற்லொக்கர் என்ற பூட்டு இருந்தால் 48 இலக்க எண் இல்லாமல் டிஸ்க்கைத் திறக்க முடியாது. அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசொப்ற் கணக்கில் இருக்கும்.

எம்மவர் மறந்துவிடும் ஒரு பொருள் பாமினி எழுத்துரு. பழைய கடிதங்கள், கோயில் அறிவித்தல்கள், பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலைத் தாள்கள் எத்தனையோ பாமினியில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபொண்ட்ஸ்' என்ற இடத்திலிருந்து பாமினியையும் கூடவே எடுத்து வையுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்ய லினக்ஸில் தமிழ்99, இலங்கையின் ரெங்கநாதன் ஆகிய விசைப்பலகைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவதா, விடுவதா?

விண்டோஸ் 10இன் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தப்பட்டன. ஐரோப்பாவில் உள்ளவர்கள் மைக்ரோசொப்ற் கணக்குடன் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் வரை இலவசமாகத் திருத்தங்கள் பெறலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே விண்டோஸ் 10 நன்றாக ஓடும் வீட்டில் அவசரம் வேண்டாம். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் வீட்டில் அவசரம் உண்டு. அதற்கான திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன, அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது கதவைத் திறந்துவிட்டுப் படுப்பதற்குச் சமம்.

பதிவது என்று தீர்மானித்தால், படங்களைச் சரிபார்த்த பிறகு, அந்தப் படக்குறியைத் திறந்து கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் போதும். 'டிஸ்க்கை அழித்துப் பதி' என்பது ஒருமுறை அமர்த்தினால் திரும்பி வராத இடம். விசைப்பலகை டெனிஷ் என்று தெரிவு செய்யாவிட்டால் ஆ, ஓ போன்ற அவர்களுடைய மூன்று எழுத்துகளும் வராது. மொழியையும் டெனிஷாகவே வைக்கச் சொல்வோம். முதல் கிழமை கண் கட்டியது போல இருக்கும். பிறகு சேமி, அழி, அனுப்பு என்ற சொற்கள் எல்லாம் தன்பாட்டில் மனதில் ஏறிவிடும், அவைதான் கொம்யூனின் பக்கங்களிலும் வேலைத்தலத் திரையிலும் வருகின்றன. டிஜிட்டல் போஸ்ட், வங்கி, பாடசாலையின் ஆவுலா எல்லாம் ஃபயர்ஃபொக்ஸில் திறக்கும். மித்ஐடி உறுதிப்படுத்தல் வழமைபோலக் கைத்தொலைபேசியில்தான்.

எல்லாம் முடிந்தும் எந்தப் பக்கமும் திறக்காமல் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் நிற்கும். மேசைக் கணனிக்குள் இருக்கும் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பற்றரி முடிந்துவிட்டது என்பதே பொருள். சுப்பர்மார்க்கட்டில் கிடைக்கும். மின்வயரைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். பற்றரி மாற்றியதும் பயோசின் பட்டியல் பழையபடி மாறியிருக்கலாம், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் எழும்பாத கணனியை வீதியோரம் வைக்காமல் மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பழைய மடிக்கணனிகளில் அடிப்பக்க மூடியில் இரண்டு மூன்று ஆணிகள்தான். உங்கள் சி.பி.ஆர் இலக்கம், விசாக் கடிதங்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மடிக்கணனியின் பற்றரியையும் கழற்றிப் பற்றரிக்கான தொட்டியில் தனியாகப் போடுங்கள்.